நார்மல் அண்ணன் கொடுத்த ஆறு குழாய்கள்

உடலியங்கியல் துறையின் இரண்டாவது மாடியில், ஆய்வகக் கதவைத் திறந்ததும் இடது பக்கம் ஒரு நாற்காலி கிடக்கும். அதன் கைப்பிடிகளில் ஒன்று மட்டும் பலகை போல அகலமாக இருக்கும். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அதில்தான் கையை நீட்டுவார்கள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊசியோடு நின்றவரை எல்லோரும் நார்மல் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லித் தபால்காரர் விசாரித்தால், துறையில் பாதிப் பேர் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய இயந்திரம் வாங்கினார்கள். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, நோய் நொடி இல்லாத ஒருவரின் ரத்தம் வேண்டியிருந்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, இவர் சட்டைக் கையை மடித்தார். ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இடது கையில் கட்டினார், வலது கையால் தானே குத்திக்கொண்டார். குழாயின் மேல் என்ன எழுதுவது என்று யோசித்து, யாரோ 'நார்மல்' என்று எழுதி ஒட்டினார்கள். அன்று ஒட்டியதுதான், உரியவே இல்லை.

அதற்குப் பிறகு அவருடைய ரத்தம் துறையின் பொதுக் குழாய் மாதிரி ஆகிவிட்டது. புதுக் கருவி வந்தால் அவர். மாணவர்களுக்குச் செய்து காட்ட வேண்டுமா, அவர். வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லையா, அதற்கும் அவர். பேராசிரியை மேடம்கூடச் சிரித்துக்கொண்டே, "நம்ம நார்மல் இருக்கும்போது என்ன கவலை" என்பார். வீட்டில் மனைவி மட்டும் இடித்துக் காட்டுவாள். "ஊருக்கெல்லாம் கையை நீட்டறீங்க. ஒரு நாள் துணியை உலர்த்துங்கன்னா மட்டும் கை வலிக்குது."

அவருக்கு அதில் ஒரு பெருமை. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் பட்டமளிப்பு விழா முடிந்து யாராவது கருப்பு அங்கியோடு படியேறி வந்து கை குலுக்கினால், இந்தப் படிப்புக்குள் நம் ரத்தமும் கொஞ்சம் இருக்கிறது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வார்.

அந்தச் சுற்றறிக்கை வந்தது ஒரு புதன்கிழமை. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுப்பியிருந்தது. தேநீர் இடைவேளையில், கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்கள் உடம்பையே சோதனைக்குப் பயன்படுத்தினால், அதுவும் மனிதர் மேல் செய்யும் சோதனைதான். அதற்கும் குழுவின் அனுமதி வேண்டும். போதும், நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் உள்ள இன்னொருவர் கூட இருக்க வேண்டும். கிடைத்த அளவுகளில் எது தன்னுடையது என்று மறைக்காமல் எழுத வேண்டும். ஆய்வகத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

"அண்ணே, இனிமே நீங்க மூக்கைச் சொறிஞ்சாலும் மூணு பிரதி எழுதிக் குடுக்கணும்" என்றாள் அக்கா.

"எதுக்கு மூணு?"

"ஒண்ணு குழுவுக்கு, ஒண்ணு துறைக்கு, ஒண்ணு மூக்குக்கு."

"நிறுத்துன்னு சொல்ற அதிகாரம் உள்ள ஆள் வேணுமாமே. என் மேல அந்த அதிகாரம் என் வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும்தான் இருக்கு. அவளை இங்க உட்கார வெச்சா சாப்பாட்டுக்கு எங்க போறது?"

தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். சுற்றறிக்கையோடு ஒரு உறுதிமொழித் தாளும் இணைத்திருந்தார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் என் உடலையோ, உடலிலிருந்து எடுத்த எதையுமோ எந்த ஆய்வுக்கும் பயன்படுத்தவில்லை என்பதற்கு எதிரே ஒரு கட்டம். பயன்படுத்தினேன் என்பதற்கு எதிரே இன்னொரு கட்டம், அதன் கீழே விவரம் எழுத எட்டு வரி. எட்டு வரியைப் பார்த்ததும் அவருக்கு அலுப்புத் தட்டியது. இதெல்லாம் பட்டம் வாங்குகிறவர்களுக்கு, நாம் ஊசி குத்துகிற ஆள்தானே என்று தோன்றியது. முதல் கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்தும் போட்டு, தேநீர்க் கோப்பை ஈரம் பட்ட வட்டத்தோடு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போது துறையில் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது ஒரே ஒரு ஆய்வு. அதைச் செய்த ஆராய்ச்சி மாணவியை அவர் முதல் நாளிலிருந்தே டாக்டரம்மா என்று கூப்பிட்டுவந்தார். பட்டம் வருவதற்கு முன்பே பட்டத்தைக் கொடுப்பது அவருடைய வழக்கம். ஒல்லியான பெண். தப்பு நடந்தால் முதலில் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளும் சுபாவம்.

சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்களின் சிவப்பணுக்கள் மற்றவர்களுடையதைவிடச் சுலபமாக உடைகின்றனவா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து இருபது பேர். அவர்களோடு ஒப்பிட, சாயத்தின் பக்கமே போகாத ஆரோக்கியமான இருபது பேர். எல்லோருடைய ரத்தத்திலும் ஒரே மருந்தைக் கலந்து, நூறு அணுக்களில் எத்தனை உடைகின்றன என்று எண்ண வேண்டும். பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அணுக்கள் தானாகவே சீக்கிரம் உடையும். அப்படிப்பட்டவர்கள் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்று, பெயர் கொடுத்த அன்றே ஒவ்வொருவர் விரலிலிருந்தும் ஒரு துளி எடுத்துச் சோதித்தாள். சோதனைத் தாளில் விட்ட துளி ஊதா விளக்கின் கீழ் மின்னினால் நொதி இருக்கிறது, இருண்டு கிடந்தால் இல்லை. நாற்பது துளியும் மின்னின. அந்த நாற்பது துளியையும் எடுத்தது நார்மல் அண்ணன்தான்.

சிக்கல் பிறகு வந்தது. மருந்தைக் கலக்கிவிட்டால் நாலு மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் கீழே கொட்ட வேண்டியதுதான். டாக்டரம்மா காலை ஐந்தரைக்கே வந்து கலக்கி வைத்துவிட்டு, ஏழரை வாக்கில் ஐஸ் வாங்கக் கீழ்த் தளத்துக்குப் போவாள். ஏழரைக்கு வர வேண்டிய ஆள் சில நாள் வர மாட்டார். முதல் தடவை வராமல் போனது ஒன்பதாம் எண், நூலகத்தில் புத்தகம் கட்டுகிறவர். காய்ச்சல் என்று தொலைபேசியில் சொன்னார். நார்மல் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், கலக்கி வைத்த புட்டியைப் பார்த்தார். அந்தப் பெண் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வரும் காட்சி கண்ணில் வந்தது. ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்தார்.

"வந்து குடுத்துட்டுப் போயிட்டாரும்மா. அவசரமாம்" என்றார், அவள் வந்ததும்.

ஒன்பதாம் எண் ஒட்டிய குழாய் வெதுவெதுப்பாக அவள் கைக்குப் போயிற்று. ஒருவருக்கு ஒத்தாசை செய்த திருப்தியோடு அன்று அவர் நன்றாகச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு பதினொன்று, பன்னிரண்டு, பதினாறு, பதினேழு, இருபது. ஐந்து மாதத்தில் மொத்தம் ஆறு குழாய்.

எண்ணி முடித்தபோது மற்ற பதினாலு பேருக்கும் நூற்றுக்குப் பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று வந்தது. பட்டறைக்காரர்களுக்கு முப்பத்து நாலு, முப்பத்தைந்து. இந்த ஆறு குழாயில் மட்டும் ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. கூட்டிப் பார்த்தால் ஆரோக்கியமானவர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் நின்றது.

"நொதி இருக்குன்னு நாமே பார்த்தோமே அண்ணே, எல்லாமே மின்னுச்சே" என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆறு பேருக்கு மட்டும் எப்படி இவ்வளவு உடையும்?"

அப்போது அவர் சொன்னதுதான் பிற்பாடு அவரை அரித்தது. "டாக்டரம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க குழாயைக் குலுக்கறதைப் பார்த்தேன். எண்ணெய்ப் பாத்திரம் கழுவற மாதிரி குலுக்கறீங்க. அப்படிக் குலுக்கினா நல்ல அணுவும் உடையத்தான் செய்யும். ரத்தத்தைக் குலுக்கக் கூடாது, தூங்கற குழந்தையைப் புரட்டிப் போடற மாதிரி மெதுவா எட்டுத் தடவை திருப்பணும். கை இன்னும் பழகலை."

மனதார நம்பித்தான் சொன்னார். தன் ரத்தத்தில் குறை இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று வாரம் தினமும் மாலையில், குழாயில் வெறும் தண்ணீரை ஊற்றி எட்டுத் தடவை திருப்பிப் பழகினாள். அவர் பக்கத்தில் நின்று, "இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஆறு பேரையும் மறுபடி கூப்பிடலாமா என்று அவள் கேட்டபோது, குழு அனுமதித்தது ஆளுக்கு ஒரே தடவைதான் என்று மேடம் கையை விரித்துவிட்டார். இதெல்லாம் அந்தச் சுற்றறிக்கை வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

சுற்றறிக்கை வந்து பத்து நாள் கழித்து அவருடைய மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் குழந்தையின் கண் வெள்ளை மஞ்சளாயிற்று, பிறகு நெஞ்சு, பிறகு உள்ளங்கால். கண்ணைக் கட்டி, நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். குழந்தை மருத்துவர் இளவயதுக்காரர், வேகமாகப் பேசுகிறவர். குடும்பத்தையே ஒரு அறையில் உட்கார வைத்து விசாரித்தார்.

"குழந்தைக்குப் போட்ட துணியெல்லாம் புதுசா, பழசா?"

மகள் பிறந்தபோது போட்ட சட்டைகளை மனைவி இருபத்தாறு வருஷம் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டு வைத்திருந்தாள். அதைத்தான் வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்துக் குழந்தைக்குப் போட்டிருந்தார்கள். அதைச் சொன்னதும் மருத்துவர் தலையை ஆட்டினார். அந்த வாசனையே சில குழந்தைகளுக்கு ஆகாது என்றார்.

மனைவி அந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நான்தான். நானே என் கையால... ஆசையா போட்டேனே பாவி."

"அம்மா, அந்துருண்டை எல்லாக் குழந்தையையும் ஒண்ணும் செய்யாது. உங்க பேரனுக்கு ரத்தத்துல ஒரு நொதி குறைச்சல். அதனாலதான் அணுக்கள் உடைஞ்சிருக்கு" என்ற மருத்துவர் நொதியின் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நார்மல் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது துளிகளில் டாக்டரம்மா தேடிப் பார்த்த அதே நொதி.

"பயப்பட ஒண்ணுமில்லை. சில மாத்திரை சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். விளக்குல ரெண்டு நாள் இருந்தா குழந்தை சரியாயிடும். இது தாய் வழியா வர்றது. தாயோட அப்பாவுக்கு இருந்திருந்தா அவர் பெத்த எல்லா மகளுக்கும் போயிருக்கும். ஆம்பளைங்க நிறையப் பேருக்கு இது இருக்கிறதே தெரியாது, சாகிற வரைக்கும் தெரியாம நல்லாவே இருப்பாங்க. ஐயா, நீங்க ஒரு தடவை பார்த்துக்கறது நல்லது."

இருபது வயதில் ஏதோ காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி ஒரு வாரம் படுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. காமாலை என்று சொன்னார்கள். அவரும் காமாலை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி வராந்தாவில் உட்கார்ந்து இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அது உன் தப்பில்லை, என் ரத்தமாக இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார். "அழாதே, விடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிவரும் சாக்கில் எழுந்து போனார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஆய்வகத்தைத் திறந்தார். விரலில் குத்தி, ஒரு துளியை மருந்தில் கலந்து, சோதனைத் தாளில் விட்டார். பக்கத்தில், மருந்துப் பெட்டியோடு வரும் நல்ல ரத்தத்தின் துளி ஒன்று. கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊதா விளக்கைப் போட்டார். நல்ல துளி மின்மினி போல மின்னிற்று. அவருடைய துளி அணைந்த கரித்துண்டு மாதிரி கிடந்தது. இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். அதுவும் அப்படியே.

துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றார். வெளியில் வரக் கூச்சமாக இருந்தது, யாருமே இல்லாத அறையில். இப்போது செய்ததும் தன் மேல் தானே செய்த சோதனைதான், இதற்கும் அனுமதி இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

சொல்லிவிட்டால் போயிற்று. ஆனால் எதிலிருந்து ஆரம்பிப்பது? குழாய் மாற்றியதைச் சொன்னால் பொய் சொன்னதும் வெளியே வரும். உறுதிமொழித் தாளில் போட்ட கையெழுத்து வரும். இருபத்திரண்டு வருஷமும் கூடவே இழுபட்டு வரும். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம்தான் இருந்தது. ஒரு குறுக்கு வழி தோன்றிற்று.

"டாக்டரம்மா, அந்த ஆறு பேரையும் எடுத்துட்டா என்ன?" என்றார் அன்று மத்தியானம், ஏதோ யோசனை சொல்வது போல. "பதினாலு பேர் போதாதா? அந்த ஆறும் பார்த்தாலே கோணலா இருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எடுத்துட்டா எனக்கு நல்ல முடிவுதான் அண்ணே வரும். பட்டறைக்காரங்களுக்குத்தான் அதிகமா உடையுதுன்னு காட்டிடலாம். அதனாலதான் பயமா இருக்கு. எனக்குப் பிடிக்கலைங்கறதுக்காகத் தூக்கிப் போட முடியுமா? காரணம் ஒண்ணு சொல்லுங்க, இப்பவே எடுக்கிறேன்."

காரணம் அவர் சட்டைக் கைக்குள் இருந்தது. "சும்மா தோணுச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய், கழுவி வைத்த குழாய்களை மறுபடி அடுக்கினார்.

அந்த வாரமே பட்டறையிலிருந்து ஒருவர் வந்தார். இருபது பேரில் ஒருவர், நகக்கண் எல்லாம் நீலம் ஏறிப்போனவர். இரண்டு மாடி ஏறியதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"என்ன சார், எங்க விஷயம் என்ன ஆச்சு? உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்கன்னு முதலாளி இப்பவே சொல்லிட்டுத் திரியறாரு."

"இன்னும் எழுதலை."

"இல்லே, காத்தாடி போட்டுத் தர்றேன், முகமூடி தர்றேன்னு சொல்லியிருந்தாரு. இப்ப அந்தக் காகிதம் வரட்டும்னு நிக்கறாரு. ஒண்ணுமில்லைன்னே வந்துட்டாலும் சரி சார், நிம்மதியா போயிடுவோம். ஆனா இந்த மூச்சு..." என்றவர், தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "இது காகிதம் படிக்காதே."

நார்மல் அண்ணன் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அச்செடுத்த கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள். திங்கட்கிழமை துறைக் கூட்டத்தில் அதைப் படிக்கப் போகிறாள். "ஒரு தடவை பாருங்க அண்ணே. நாம செஞ்ச மாதிரியேதான் எழுதியிருக்கேனான்னு. உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

மொழி அவருக்குப் பாதிதான் புரியும், இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்தார். நன்றி சொல்லும் பக்கத்தில், தாய் தகப்பனுக்கு அடுத்த வரியிலேயே அவர் இருந்தார். சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தாள். பொறுமையாகத் தன் கையைப் பழக்கியவர் என்று எழுதியிருந்தாள். நாலு பக்கம் தள்ளி அந்த ஆறு குழாய்களைப் பற்றிய பத்தி வந்தது. ஆரோக்கியமானவர்களில் ஆறு பேரின் அளவுகள் மட்டும் மிக அதிகமாக வந்ததற்கு, ஆய்வு செய்தவரின் கைத்தேர்ச்சிக் குறைவே காரணமாக இருக்கலாம்.

அந்த வரியை இரண்டு தடவை படித்தார். தன் கை சரியில்லை என்று அந்தப் பெண் அச்சடித்து, அட்டை போட்டு, நூலகத்தில் வைக்கப் போகிறாள். அவள் பிள்ளைகள்கூட ஒரு நாள் எடுத்துப் படிக்கலாம்.

எழுந்து அவள் மேசைக்குப் போனார். உட்காரவில்லை.

"டாக்டரம்மா, அந்த வரியை எடுத்துடுங்க. உங்க கையில ஒண்ணுமில்லை. அந்த ஆறு குழாயும் என் ரத்தம்."

அவளுக்குப் புரியவில்லை. சிரிக்கப் போனாள்.

"ஆள் வரலை. நீங்க ஐஸ் எடுக்கப் போயிருந்தீங்க. மருந்து வீணாயிடுமேன்னு நானே குத்திக்கிட்டு, அவங்க எண்ணை ஒட்டிக் குடுத்தேன். எனக்கு அந்த நொதி இல்லைம்மா. பேரனுக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. திங்கக்கிழமை நானே பார்த்தேன். மின்னலை."

அவள் மேசை மேலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"எனக்கு மூணு வாரம் தண்ணி குலுக்கக் கத்துக் குடுத்தீங்களே அண்ணே" என்றாள் கடைசியில். "அப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

"என் ரத்தம்னு தெரியும். குறை அதுலதான்னு தெரியாது."

"தெரியாதுன்னா கேட்டிருக்கலாமே. இதுல ஆறு குழாய் என்னுதும்மான்னு ஒரு வார்த்தை. நான் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "தினம் வீட்டுக்குப் போய் என் கையைப் பார்த்து அழுதிருக்கேன், தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செருப்பில் ஒரு வார் பிய்ந்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவருக்குக் கை வைக்க இடம் தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும், சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார். குழந்தைக்கு வந்தது தன் ரத்தம் என்பதையும், மருத்துவமனையில் அவள் அழுதபோது பாதி தெரிந்துகொண்டே தண்ணீர் வாங்கப் போனதையும் சொன்னார். அவள் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டாள். "ஒரு வாரமா நான் அந்தப் பிள்ளையைத் தொடவே பயந்துட்டு இருக்கேன். இப்பவாவது வாயைத் திறந்தீங்களே" என்றாள். எழுந்துபோய் இரண்டு தட்டு எடுத்துவைத்தாள்.

விஷயம் மேடம் வழியாகப் போய்ச் சேர்ந்ததும், நெறிமுறைக் குழு நீளமான மேசை போட்ட அறையில் கூடியது. ஐந்து பேர். தலைவர் நரைத்த மீசைக்காரர், கடுமையாகப் பேசவில்லை. எந்தெந்த எண்கள் என்று கேட்டார். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, பதினாறு, பதினேழு, இருபது என்று நார்மல் அண்ணன் தாளைப் பார்க்காமல் சொன்னார். இதற்கு முன்னால் வேறு எந்தெந்த ஆய்வுகளில் என்று அடுத்த கேள்வி வந்தது. பதினொரு ஆய்வு ஞாபகம் இருக்கிறது என்றார். மற்றவை? தெரியாது. ஞாபகத்துக்கு வராத அத்தனை பேரும், அங்கி போட்டுக்கொண்டு வந்து கை குலுக்கிய முகங்களாக அவர் முன்னால் வந்து நின்றார்கள்.

"முதல்ல சிரிச்சது நான்தான்" என்றார் பேராசிரியை மேடம், தலைவரைப் பார்த்து. "நார்மல் இருக்கும்போது என்ன கவலைன்னு சொன்னது நான். அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்கள். அது அவருக்கு இன்னும் கூசிற்று. தன்னோடு சேர்ந்து இன்னொருவரும் தலை குனிவதைப் பார்ப்பது ஆறுதலாக இல்லை.

முடிவு இரண்டு பத்தியில் வந்தது. அவர் இனி யாருக்கும் ரத்தம் எடுக்கக் கூடாது, பாத்திரம் கழுவும் பகுதிக்கு மாற்றம். பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, எங்கெல்லாம் தன் ரத்தம் போயிருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். டாக்டரம்மா அந்த ஆறு எண்களுக்குப் பதிலாக வேறு ஆறு பேரைச் சேர்த்து முடிக்கலாம், நாலு மாதம் தள்ளிப்போகும். அதற்கு முன்னால், ஆறு குழாயும் அவருடையவைதான் என்று உறுதிப்படுத்த, அவர் இன்னொரு தடவை ரத்தம் தர வேண்டும். இந்தத் தடவை முறைப்படி, படிவத்தோடு, குழுவின் ஆள் ஒருவர் முன்னிலையில். எடுப்பவர் ஆராய்ச்சி மாணவி.

கழுவும் அக்கா அவருக்குத் தன் பக்கத்துத் தொட்டியைக் காலி செய்து கொடுத்தாள். "வாங்க அண்ணே. இங்க எல்லாம் நாம கழுவறதுதான், நம்மளை யாரும் கழுவ மாட்டாங்க" என்றாள். அவர் சிரிக்க முயன்றார்.

குறித்த நாளில், ஏழரை மணிக்கு, அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தன் ரத்தத்தைக்கூடப் பக்கத்தில் நின்றபடியே எடுத்துத்தான் பழக்கம், உட்கார்ந்து பார்த்ததில்லை. இங்கிருந்து பார்த்தால் ஊசித் தட்டு பெரிதாகத் தெரியும், கூரையில் ஒரு ஈரக்கறை தெரியும் என்பதெல்லாம் அவருக்குப் புதிதாக இருந்தது. குழுவிலிருந்து வந்த அம்மாள் சுவரோரம் குறிப்பேட்டோடு நின்றாள். டாக்டரம்மா படிவத்தை எடுத்தாள்.

"இது என்ன சோதனைன்னு உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்காங்க."

"யாரும் கட்டாயப்படுத்தாம, உங்க விருப்பத்தோடதான் குடுக்கறீங்களா?"

வருகிறவர்களிடம் இந்தக் கேள்விகளை ஒரே மூச்சில் உருட்டித் தள்ளிவிட்டு, அவர்கள் தலையாட்டுவதற்குள் பட்டையைக் கட்டிவிடுவது அவர் வழக்கம். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதில் வரும் வரைக்கும் காத்திருந்தாள்.

"ஆமாம்மா."

"எப்ப வேணும்னாலும் போதும்னு சொல்லலாம். சொன்னா நிறுத்திடுவேன்."

அவர் தலையசைத்தார். தலையசைத்தால் போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்றாள் அவள். "சரிம்மா" என்றார்.

பட்டையைக் கட்டினாள். ஊசி போனதே தெரியவில்லை. குழாய் நிறைந்ததும், அதை மெதுவாக, தூங்கும் குழந்தையைப் புரட்டுவது போல எட்டுத் தடவை திருப்பினாள். அவர் மனதுக்குள் எண்ணினார். எட்டாவதில் நிறுத்தினாள். கையில் ஒரு நடுக்கம் இல்லை. என்றைக்குமே இருந்திருக்காது.

பழைய குழாய்களில் ஒட்டியிருந்தது மாதிரி வெறும் எண்ணை இதற்கு ஒட்டவில்லை. ஆய்வக ஊழியர், சொந்த ரத்தம், நொதி இல்லை என்று நிறுத்தி எழுதி ஒட்டினாள்.

மருந்து கலந்து நேரம் ஆகும் வரைக்கும் அவரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, தெளிந்து நிற்க வேண்டிய நீர் செக்கச் சிவந்து போயிருந்தது. அளவு எத்தனை என்று அவர் கேட்கவில்லை. அவள் நுண்ணோக்கியில் எண்ணி, ஐம்பத்தேழு என்று குறித்தாள். சுவரோரம் நின்ற அம்மாளிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினாள்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அச்செடுத்த கட்டை எடுத்தாள். பக்கங்களைப் புரட்டி, தன் கைத்தேர்ச்சியைப் பற்றிய அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். நன்றிப் பக்கத்தைத் திருப்பினாள். அவர் பெயர் இருந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவர் கூரையின் ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு கிழிக்கும் சத்தம் கேட்டதா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கட்டு இழுப்பறைக்குள் போயிற்று.

"ரத்தம் நின்னுடுச்சா?" என்று கேட்டாள், அவர் கையைப் பார்த்து.

"நின்னுடுச்சும்மா."

"அப்ப நீங்க போகலாம்."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். தொட்டியில் அன்றைய குழாய்கள் கழுவாமல் கிடந்தன.